மூன்று பாஷை

பிரேத பரிசோதனை அறிக்கையில் அதன் பெயர் குதம்.
சட்டத்தரணிமார் ஆசனவாய் என்பார்கள்.
சண்டைக்காரர் சொல்லும் சொல்லை
கனம் நீதவானுக்கு முன்னால்
எப்பவும் ஒரு படி தூக்கி வைத்துத்தான் பெயர்த்திருக்கிறேன்.

பதினேழு வருசம் யாழ்ப்பாணம் நீதிமன்றில்
சிங்களம், தமிழ், இங்கிலிசு மூன்றுக்கும் நடுவில் நிற்கிறவன்,
பெரியாஸ்பத்திரியில் துண்டு எழுதுகிற பிள்ளை
"என்ன வருத்தம்?" என்று கேட்க
ஒரு பாஷையும் வராமல் நின்றேன்.
பின்னால் நாற்பது பேர்.
"கடி," என்றேன்.
"நாய்க்கடியோ?"

இரவில்தான் அது வரும்.
மனுசி சுவர்ப்பக்கம் திரும்பி நித்திரையான பிறகு
ஒரேயொரு எறும்பு
விலாசம் பிசகாமல் வந்து சேரும்.
சொறிய ஒரு சுகம், பத்து நொடிக்கு.
பிறகு எரிவு. பிறகு எழும்பிக் கிணற்றடி.
டெற்றோல், வேப்பஞ் சவர்க்காரம்,
ஒருக்கா, சொல்ல வெட்கம், உப்புத்தண்ணி.
நான் ஊத்தையன் இல்லை என்று
எனக்கே நிரூபிக்கத் தோல் உரியத் தேய்த்தேன்.

டொக்டர் மதுராங்கிக்கு என் மகளின் வயதிருக்கும்.
"இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ ஐயா, முழங்காலை மடக்கி."
கையுறை இழுபடும் சத்தம்.
"இப்ப இறுக்குங்கோ."
இறுக்கினேன்.
"இன்னும்."
என் சீவியத்தில் ஒருவரும் அந்தத் தசைக்கு
நேரே ஒரு கட்டளை இட்டதில்லை.
"விடுங்கோ."
விடுவதுதான் கஷ்டமாயிருந்தது.

கொப்பியின் பின்மட்டையில் இரண்டு வளையம் கீறினாள்.
வெளி வளையம் நீங்கள் சொன்னால் கேட்கும்.
உள் வளையம் உங்களிடம் ஒன்றும் கேட்காது;
நித்திரையிலும் பிடித்தபடியே இருக்கும்.
வந்திருப்பது காற்றோ, தண்ணியோ, கட்டியோ என்று
உள்ளே ஒரு விரற்கடைத் தோல் தொட்டுப் பார்த்துச் சொல்லும்.
அதன் பிறகுதான் கதவு.

மூன்று பாஷை!
என்னிலும் மூத்த மொழிபெயர்ப்பாளன்,
சம்பளமில்லை, இடமாற்றமில்லை,
ஐம்பத்தாறு வருசமாய்
சபையில் என்னை ஒருநாளும் காட்டிக்கொடுக்காதவன்.
இப்ப கொஞ்சம் களைத்துவிட்டானாம்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கசிந்தால்
அது காணும், கடிக்க.

"அதாகவும் இருக்கலாம்," என்றாள், உறுதியில்லாமல்.
மூலமாகவும் இருக்கலாம். சின்ன வெடிப்பு.
கீரைப்பூச்சி: வீட்டில் சின்னப்பிள்ளையள் இருக்கினமோ?
பங்கசு. சலரோகம்.
நாளுக்கு நாலு கோப்பி,
உறைப்புத்தூள் மிதக்கும் நண்டுக்குழம்பு.
சில பேருக்கு ஒன்றுமே அகப்படாதாம்.
அடையாள அணிவகுப்பில் நிற்பதுபோல எல்லாம் நின்றன;
எதைத் தொட்டுக் காட்ட?

பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்:
"எத்தினைதரம் கழுவுறீங்கள்?"
சொன்னேன்.
பேனையைக் கீழே வைத்தாள்.
"முதல் அதை விடுங்கோ ஐயா. சவர்க்காரம் வேண்டாம்.
வெறுந்தண்ணி, ஒருதரம். ஒத்தி எடுங்கோ, தேய்க்காதேங்கோ."

குற்றப்பத்திரமே இல்லாத ஒன்றுக்கு
இரவிரவாய் நான் கொடுத்த தண்டனை!

கடி போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
கிழமையில் மூன்று இரவு நித்திரை வருகிறது.

போன திங்கள், சாட்சிக்கூட்டில்
குருநகர் மனுசன் ஒருவர், வலை வெட்டின வழக்கு.
கால் மாற்றி மாற்றி நின்றார்.
கம்பியைப் பிடித்த கை வெளிறியிருந்தது.
கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி
நல்ல இங்கிலிசில் சொன்னார்:
உண்மை சொல்லுகிறவன் இப்படி நெளியமாட்டான்.
எத்தனை வருசம் இதை நானும் நம்பிப் பெயர்த்தேன்.

"நீர் ஏன் நெளிகிறீர் என்று கேட்கிறார்."
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
அவர் வாயைத் திறந்தார், மூடினார்.
எந்தச் சொல்லைத் தேடுகிறார் என்று
எனக்குத் தெரியும் போலிருந்தது.
மன்று பார்த்துக்கொண்டிருக்க
இடதுகாலிலிருந்து வலதுகாலுக்கு
நானும் மாறி நின்றேன்.